ஹோம்கமிங் வாரம்: டெக்சாஸ் சிற்றூர்த் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

நாங்கள் இருப்பது டல்லஸிலிருந்து மேற்கே சில மணி நேரம் கார் ஓட்டினால் வரும் ஒரு சிற்றூர். மருத்துவமனை வேலைக்காகவும் காற்றாலை வேலைக்காகவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. என் பிள்ளைகள் இருவரும் இங்கேதான் ஹைஸ்கூல் முடித்தார்கள். மகள் பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். மகன் ஃபுட்பால் (காலால் உதைக்கும் கால்பந்து இல்லை, கையில் பந்தோடு ஓடும் அமெரிக்க ஆட்டம்) அணியில் இருந்தான், பெரும்பாலும் பெஞ்சில். ஆகஸ்ட் முடிந்தாலே புதிதாக வந்தவர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். இது டெக்சாஸ் சிற்றூர்களின் நடைமுறை. கலிஃபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

அக்கா, ஹோம்கமிங்னா என்ன? யார் வீட்டுக்கு யார் வர்றாங்க?

படித்து முடித்துப் போன பழைய மாணவர்கள் ஒரு வார இறுதியில் தங்கள் பள்ளிக்குத் திரும்பி வருவார்கள். ஃபுட்பால் மேட்ச் பார்ப்பார்கள், கூடப் படித்தவர்களைச் சந்திப்பார்கள். கல்லூரிகளில் பிறந்த வழக்கம் இது. டெக்சாஸின் பேலர் பல்கலைக்கழகம் 1909-ஐக் காட்டுகிறது, இல்லினாய் 1910-ஐ, மிசூரி 1911-ஐ. முதலில் தொடங்கியது நாங்கள்தான் என்று இன்றுவரை மல்லுக்கட்டுகிறார்கள். பிறகு ஹைஸ்கூல்களும் எடுத்துக்கொண்டன.

எங்களைப் போன்ற ஊரில் பழைய மாணவர்கள் பலர் ஊரை விட்டுப் போனதே இல்லை. வங்கியில் உங்களுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த பெண், பல் டாக்டர், ஏசி ரிப்பேர் செய்ய வருகிறவர் எல்லோரும் அதே பள்ளிதான். அந்த வாரம் கடைக் கண்ணாடிகளில் பள்ளி நிறத்தில் எழுத்துகள் முளைக்கும். கார்க் கண்ணாடிகளில் வெள்ளை ஷூ பாலிஷால் பிள்ளையின் பெயரும் ஜெர்சி எண்ணும் எழுதியிருக்கும். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.

வரிசை இதுதான்: திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு வேஷம், வாரத்தின் நடுவில் ஒரு மாலையில் ஊர்வலம், வெள்ளி மதியம் ஜிம்மில் அணியை உற்சாகப்படுத்தும் பெப் ராலி, வெள்ளி இரவு மேட்ச், அதன் இடைவேளையில் மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ராணிக்கு முடிசூட்டு, சனி இரவு டான்ஸ். போன் செய்யும் பெற்றோரில் பெரும்பாலோர் சனிக்கிழமையைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். இந்த ஊர் வெளியே வருவது வெள்ளிக்கிழமைதான்.

தேதி முன்னாடியே தெரியுமா?

தெரியும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, சொந்த மைதானத்தில் மேட்ச் இருக்கும் ஒரு வாரமாகப் பார்த்து வைப்பார்கள். கோடையிலேயே பள்ளிக் காலண்டரில் போட்டுவிடுவார்கள். பழைய மாணவர்கள் முன்னால் தோற்க யாருக்கும் ஆசை இல்லை என்பதால், எதிரணி கொஞ்சம் எளிய அணியாக அமைவது தற்செயல் இல்லை.

தினம் ஒரு வேஷமாமே, கட்டாயமா? தினமும் புது டிரஸ் வாங்கணுமா?

கட்டாயமே இல்லை. பைஜாமா நாள், கவ்பாய் நாள், எண்பதுகள் நாள், இரட்டையர் நாள் என்று பட்டியல் ஒரு வாரம் முன்னால் வரும். எதற்கும் புதிதாக வாங்காதீர்கள். எண்பதுகள் நாளுக்கு என் மகன் அவன் அப்பாவின் பழைய கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். போதுமானதாக இருந்தது.

கவனிக்க வேண்டியது இரட்டையர் நாள் ஒன்றைத்தான். ஒரே மாதிரி உடுத்த ஒரு ஜோடி வேண்டும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகலாம். அன்று காலை வயிற்று வலி என்று படுத்துக்கொண்டால் காரணம் இதுவாக இருக்கலாம். முந்தின வாரமே ஜாடையாகக் கேட்டுவையுங்கள்.

பொண்ணு 'மம்' வேணும்கிறா. இருநூறு டாலராம். அது என்ன பூவா, நகையா?

பூ, ஆனால் பூ இல்லை. ஒரு காலத்தில் ஹோம்கமிங் மேட்சுக்குப் பையன் பெண்ணுக்கு நிஜமான சாமந்திப் பூ ஒன்றை ரிப்பனோடு கொடுப்பான். சாமந்தியின் ஆங்கிலப் பெயரான கிரிஸாந்திமம் என்பதன் சுருக்கம்தான் மம். டெக்சாஸில் அது வளர்ந்து வளர்ந்து, இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு துணிப் பூ, அதைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ரிப்பன், நடுவில் ஒரு கரடி பொம்மை, முழங்காலுக்குக் கீழே தொங்கும் பட்டைகள், அவற்றில் சிறு மணிகள், பிளாஸ்டிக் ஃபுட்பால், மினுக்கும் எழுத்தில் பெயர், சிலவற்றில் பேட்டரி விளக்கு வரை வந்து நிற்கிறது. சட்டையில் குத்தினால் சட்டை கிழியும் என்பதால் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை பள்ளி வாசலில் நின்றால் மணிச் சத்தத்தில் பேச முடியாது.

பெரும்பாலான பள்ளிகளில் ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை பள்ளி நிறத்தில்தான் அணிவார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் வெள்ளையும் வெள்ளியும். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு ஆசையாக வெள்ளையில் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் அழுதுகொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். வாங்கும் முன் பெரிய வகுப்புப் பிள்ளை யாரையாவது கேளுங்கள்.

விலையில் பொய்யில்லை. கடையில் செய்து வாங்கினால் சிறியதே நூறு டாலரைத் தொடும், பெரியது பல நூறு போகும். முன்பு பையன் வாங்கிக் கொடுப்பது வழக்கம். இப்போது பெரும்பாலும் அம்மாக்கள்தான் செய்கிறார்கள். அதனால் மம் அணிந்திருந்தால் பின்னால் ஒரு பையன் இருக்கிறான் என்று முடிவு கட்ட வேண்டாம்.

அதை நானே செய்யலாமா? எனக்குக் கைவேலை வராதே.

கல்யாணப் பெண்ணுக்கு ஜடை அலங்காரம் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாலே போதும், இதுவும் அதே வேலைதான்: பின்னல், மடிப்பு, நடுவில் பெரிதாக ஒன்று, கீழே குஞ்சலம். கைவினைக் கடைகளில் கோடையிலேயே மம் சாமான்களுக்குத் தனி வரிசை வந்துவிடும். அட்டை வட்டம், துணிப் பூ, இரண்டு மூன்று அகலத்தில் ரிப்பன், மணி, ஸ்டேப்ளர், சூடான பசைத் துப்பாக்கி, இவ்வளவுதான் மூலதனம்.

முதலில் அட்டை வட்டத்தின் விளிம்பில் ரிப்பன் வளையங்களை நெருக்கமாக ஸ்டேப்பிள் அடியுங்கள். அதன் மேல் இன்னொரு சுற்று, கொஞ்சம் சிறியதாக. தொங்கும் பட்டைகளைப் பின்பக்கம் ஒட்டியபின் இன்னொரு அட்டையால் மூடுங்கள். பூவைக் கடைசியில் ஒட்டுங்கள். மணிகளைப் பசையால் ஒட்டாதீர்கள், நூலால் கட்டுங்கள். பசை இரண்டாவது பீரியடிலேயே விட்டுவிடும். பட்டைகளில் நான்கைந்தாவது பின்னலாக இருந்தால் பார்க்க எடுப்பாக இருக்கும். இரண்டு ரிப்பனைக் குறுக்கும் நெடுக்குமாக மடித்துக்கொண்டே போகும் மிலிட்டரி பின்னலை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். கை சுடும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

தனியாகச் செய்யாதீர்கள் என்பதுதான் என் உண்மையான யோசனை. பேண்டு அம்மாக்கள் யார் வீட்டிலாவது கூடி உட்கார்ந்து செய்வார்கள். யாரும் வந்து அழைக்க மாட்டார்கள். ஆனால் "நானும் வரலாமா" என்று கேட்டால் மறுத்தவரும் இல்லை. இந்த ஊரில் எனக்குக் கிடைத்த சிநேகிதிகள் பசைத் துப்பாக்கிக்கு வரிசையில் நின்றபோது கிடைத்தவர்கள்.

பையனுக்கு ஒண்ணும் வேண்டாமா?

அதையே சின்னதாக்கி எலாஸ்டிக் வைத்து மேற்கையில் மாட்டிக்கொள்வது உண்டு. கார்ட்டர் என்பார்கள். நிற விதி மேலே சொன்னதுதான். வேண்டாம் என்று சொல்லும் பையன்களும் நிறைய, விட்டுவிடுங்கள்.

பொண்ணு பேண்டுல இருக்கா. இந்த வாரம் வீட்டுக்கே வர்றதில்ல. படிப்பு என்னாகும்?

நியாயமான கவலை. ஊர்வலம், பெப் ராலி, மேட்ச், இடைவேளை நிகழ்ச்சி எல்லாவற்றிலும் பேண்டு இருக்கும், சனிக்கிழமை போட்டி இருந்தால் அதுவும் சேரும். ஆனால் டெக்சாஸில் இதற்குக் கடிவாளம் உண்டு. பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளை நடத்தும் யூஐஎல் அமைப்பின் விதிப்படி, பள்ளி நாட்களில் வகுப்பு நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. இது அணிகளுக்கும் பேண்டுக்கும் பொது. மேட்ச் நேரம் அந்தக் கணக்கில் வராது.

இன்னொன்று, 1984-இல் வந்த மாநிலச் சட்டம். ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் சில வாரங்களுக்கு ஆடவும் முடியாது, வாசிக்கவும் முடியாது. ஹோம்கமிங்குக்கு முன்பே முதல் மதிப்பெண் அட்டை வரும் பள்ளி என்றால் பிள்ளைகள் தாமாகவே உட்கார்ந்து படிப்பார்கள். என் மகள் கெமிஸ்ட்ரியைப் பார்த்தது அந்தப் பயத்தில்தான்.

காலைல எழுந்து பார்த்தா வாசல் மரம் பூரா டாய்லெட் பேப்பர்! யாரோ வெறுப்புல பண்ணிட்டாங்களா?

இந்தப் போன் அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் வருகிறது, கேட்கிறவர் குரல் நடுங்குவதையும் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் நேர் எதிர். அணியிலோ பேண்டிலோ சியர்லீடர்களிலோ இருக்கும் பிள்ளையின் வீட்டைச் சிநேகிதர்கள் இரவோடு இரவாக இப்படிச் சுற்றிவிட்டுப் போவார்கள். புல்வெளியில் பெயர் எழுதிய அட்டை, பிளாஸ்டிக் கரண்டிகளை வரிசையாகக் குத்தி வைப்பது எல்லாம் அந்த வகை. தெருவில் காரில் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். வேறு வீடுகளும் இதே கோலத்தில் இருந்தால் விஷயம் அவ்வளவுதான். பிள்ளை முகத்தைப் பார்த்தாலும் தெரிந்துவிடும், மறைக்கப் பார்த்தாலும் சிரிப்பு வரும். ஈரம் படுவதற்குள் நீளக் கம்பால் எடுத்துவிடுங்கள், நனைந்தால் பட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் சுவரிலோ காரிலோ ஏதாவது எழுதியிருந்தால், எதையாவது உடைத்திருந்தால், உங்கள் வீடு மட்டும் தனியாகத் தெரிந்தால், அது விளையாட்டு இல்லை. எதையும் தொடாமல் போட்டோ எடுங்கள், போலீஸுக்கும் பள்ளிக்கும் அன்றே சொல்லுங்கள். "புது ஊர், எதுக்கு வம்பு" என்று விழுங்க வேண்டாம்.

மேட்ச் ஒண்ணுமே புரியல. எதுக்குக் கை தட்டுறதுன்னே தெரியல.

ஒரு பக்கம் பதினொரு பேர். பந்து கையில் இருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, அதன்பின் உதைத்து ஒரு கூடுதல் புள்ளி. கம்பங்களுக்கு நடுவே நேராக உதைத்தால் மூன்று. பன்னிரண்டு நிமிடமாக நான்கு பகுதி என்பார்கள், கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் முடிய இரண்டரை மணி நேரமாவது ஆகும். உங்கள் பக்கத்து இருக்கைப் பாட்டி எழுந்தால் எழுந்து தட்டுங்கள், தப்பே வராது.

இன்னும் சின்ன ஊர்ப் பள்ளி என்றால் ஒரு பக்கம் ஆறு பேர்தான். 1934-இல் நெப்ராஸ்காவில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர், பதினொரு பையன்கள் தேறாத பள்ளிகளுக்காக உருவாக்கிய ஆட்டம் இது. மைதானம் 80 யார்டு, பதினைந்து யார்டு முன்னேற வேண்டும். பாதி ஆட்டத்துக்குப் பிறகு ஒரு அணி 45 புள்ளி முன்னால் போனால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. என்னைக் கேட்டால் இதுதான் பார்க்கச் சுவாரசியம், ஓட்டம் நிற்பதே இல்லை.

நாங்க சைவம். அங்க சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மைதானத்துக்குள் வெளிச் சாப்பாடு அனுமதிப்பதில்லை. பல பள்ளிகளில் உள்ளே தெரியும் கண்ணாடிப் பைதான் எடுத்துப் போக வேண்டும். தின்பண்டம் விற்கும் கன்செஷன் ஸ்டாண்டில் பாப்கார்ன், பெரிய வெள்ளரி ஊறுகாய், நாச்சோஸ் கிடைக்கும். நாச்சோஸ் வாங்கும்போது மேலே சில்லி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில் மாட்டிறைச்சி இருக்கும். ஃப்ரிட்டோ பை என்பது பெயரைப் பார்த்து ஏமாற வேண்டிய பண்டம்: சோளச் சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து அதே இறைச்சிச் சில்லியை அதற்குள்ளேயே ஊற்றித் தருவார்கள்.

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. அவங்களை மேட்சுக்குக் கூட்டிட்டுப் போலாமா?

கட்டாயம். சாய்மானம் இல்லாத அலுமினிய பெஞ்சு என்பதால் முதுகு வைத்த மடக்கு இருக்கை ஒன்று வாங்குங்கள். கீழ் வரிசை சீக்கிரம் நிரம்பிவிடும், ஆறு மணிக்கே போங்கள். செப்டம்பர் என்றால் மாலையிலும் வெயில் சுடும், அக்டோபர் கடைசி என்றால் போர்வை வேண்டும். முழு மேட்சும் உட்கார வேண்டாம், இடைவேளை நிகழ்ச்சி வரை இருந்தால் போதும். என் மாமனார் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. ட்ரம் வாசிக்கும் பிள்ளைகளைப் பார்த்துத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஜெபம் பண்றாங்களே, நாம என்ன பண்றது? அரசுப் பள்ளியில அது சரியா?

தேசிய கீதத்துக்கு எழுந்து நில்லுங்கள். ஜெபம் நடந்தால் அமைதியாக இருந்தாலே போதும். தலை குனிய வேண்டும், ஆமென் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது.

சட்டம் என்று கேட்டால், இந்த வழக்கே டெக்சாஸில் பிறந்ததுதான். கால்வெஸ்டன் பக்கத்து சான்டா ஃபே பள்ளி மாவட்டத்துக்கு எதிரான வழக்கில், ஃபுட்பால் மேட்சில் பள்ளியின் ஒலிபெருக்கி வழியாக மாணவர் நடத்தும் ஜெபம் அரசியலமைப்புக்கு முரண் என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2022-இல் வாஷிங்டன் மாநிலப் பயிற்சியாளர் ஒருவர் மேட்ச் முடிந்தபின் மைதானத்தில் தானாகச் செய்த ஜெபம் அவருடைய உரிமை என்றும் சொன்னது. பார்வையாளர் வரிசையில் தாங்களாகவே கை கோத்து ஜெபிப்பவர்களை யாரும் தடுக்க முடியாது. பிள்ளையை யாராவது வற்புறுத்தினால் மட்டும் பிரின்சிபாலிடம் போங்கள். மற்றபடி நான் மனதுக்குள் விநாயகர் அகவல் இரண்டு வரி சொல்லிக்கொள்வேன், மகன் களத்தில் இறங்காவிட்டாலும்.

பொண்ணை ஹோம்கமிங் கோர்ட்டுக்குத் தேர்ந்தெடுத்திருக்காங்க! சேலை கட்டலாமா?

வாழ்த்துகள். முதலில் நடைமுறை: மாணவர்கள் பெயர் கொடுத்து ஓட்டுப் போடுவார்கள். ராணி பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து வருவாள், கீழ் வகுப்புகளுக்குத் தலா ஒரு பிரதிநிதி உண்டு. இடைவேளையில் பெண்ணின் கையைப் பிடித்து மைதானத்துக்கு நடுவே கூட்டிப் போவது பெரும்பாலும் அப்பா. சென்ற ஆண்டு ராணி வந்து கிரீடம் வைப்பாள். ஒலிபெருக்கியில் பெற்றோர் பெயரையும் வாசிப்பார்கள், அதனால் உங்கள் பெயரின் உச்சரிப்பை எழுதிக் கொடுங்கள்.

சேலையோ பாவாடை தாவணியோ தாராளமாகக் கட்டலாம். மாணவர் மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், மறுத்து நான் கேட்டதில்லை. தோளில் ஒரு பட்டை போடுவார்கள், அது முந்தானையோடு சண்டை போடும், இரண்டையும் சேர்த்துப் பின் குத்துங்கள். புல் மைதானத்தில் குதிகால் செருப்பு புதையும், செயற்கைப் புல் என்றால் அதை அனுமதிக்கவே மாட்டார்கள். தட்டைச் செருப்பு, கரையை இரண்டு விரல் தூக்கிக் கட்டு. பேண்டிலும் இருக்கும் பெண் என்றால் சில பள்ளிகளில் சீருடையோடே வந்து கிரீடம் வாங்குவாள், அதுவும் அழகுதான்.

சரி, சனிக்கிழமை டான்ஸ். அனுப்பலாமா வேண்டாமா? நேரா சொல்லுங்க.

அனுப்புங்கள். பள்ளி ஜிம்மிலோ சாப்பாட்டுக் கூடத்திலோ நடக்கும், ஆசிரியர்களும் பெற்றோரும் காவலுக்கு நிற்பார்கள், வாசலில் போலீஸ்காரர் இருப்பார். வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். வேறு பள்ளிப் பிள்ளை வருவதென்றால் முன்கூட்டியே படிவம் நிரப்ப வேண்டும். உள்ளே நடப்பது என்னவென்றால், காது கிழியும் பாட்டு, வட்டமாக நின்று குதிக்கும் பெண்கள், சுவரோரம் போன் பார்க்கும் பையன்கள்.

நம்ப முடியவில்லையா? காவலுக்கு நீங்களே பெயர் கொடுங்கள். ஆனால் உங்கள் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டில் மேசையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டான்ஸ் ஆடும் இடத்துக்கு நடுவே நிற்காதீர்கள்.

ஒரு பையன் போஸ்டர் எழுதி, டோனட் பெட்டியோட வாசலுக்கு வந்து டான்ஸுக்குக் கூப்பிடுறான். இது காதலா?

பெரும்பாலும் இல்லை. போஸ்டரில் ஏதாவது சிலேடை எழுதி, அதைப் போட்டோ எடுத்துப் போடுவதுதான் இப்போதைய மோஸ்தர். சரி என்றால் அந்த ஒரு மாலைக்குச் சேர்ந்து போகிறார்கள், அவ்வளவே. வேண்டாம் என்றால் உங்கள் மகள் மரியாதையாகச் சொல்லட்டும், உங்கள் பெயரைச் சாக்காக வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். "எங்க அம்மா விடமாட்டாங்க" என்பது பிள்ளைகளுக்கு மிகவும் உதவும் வாக்கியம்.

ஜோடி இல்லாமல் எட்டுப் பத்துப் பேராகக் கூட்டமாகப் போவது மிக சகஜம், பல வீடுகளுக்கு அதுவே நிம்மதி. பையன் தனியாக வந்து கூட்டிப் போவதாக இருந்தால் அவன் பெற்றோருக்கு நீங்களே போன் செய்யுங்கள். இங்கே அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, அவர்களும் உங்கள் போனுக்காகக் காத்திருப்பார்கள்.

டிரஸ் ரொம்பக் குட்டையா இருக்கே?

ஹோம்கமிங்குக்கு முழங்காலுக்கு மேல், வசந்தத்தில் வரும் பிராம் என்ற டான்ஸுக்குத் தரை வரை. இதுதான் இங்கத்திய வழக்கம். உள்ளே குட்டைக் கால்சட்டை போட்டுக்கொள்வார்கள். நீளமாகப் போட்டுப் போனாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். கடைக்குப் போகும் முன்பே உங்கள் எல்லையைச் சொல்லிவிடுங்கள், டிரஸ் மாற்றும் அறை வாசலில் சண்டை வேண்டாம்.

அஞ்சு பசங்க ஒரே கார்ல போறோம்கிறாங்க. ஓட்டறது பதினாறு வயசுப் பையன். விடலாமா?

விடக் கூடாது. டெக்சாஸில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் லைசென்ஸில், குடும்பத்தினர் அல்லாத 21 வயதுக்குட்பட்டவர் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று நிபந்தனை உண்டு. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை வேலை, பள்ளி, மருத்துவ அவசரம் தவிர ஓட்டவும் கூடாது. பள்ளி டான்ஸ் முடிந்து பார்ட்டிக்குப் போவது பள்ளிக் காரியம் ஆகாது. அதனால் ஒரு பெற்றோர் வேனை எடுப்பதுதான் முறை. அந்தப் பெற்றோராக நீங்களே இருந்தால் இன்னும் நல்லது. பின் இருக்கைப் பேச்சிலிருந்து ஒரு வருடத்துக்கான செய்தி கிடைக்கும், வாயை மட்டும் திறக்காதீர்கள்.

டான்ஸுக்குப் பிந்தைய பார்ட்டிதான் நிஜமாகக் கவனிக்க வேண்டிய இடம். யார் வீடு, பெரியவர்கள் இருப்பார்களா என்று அந்த வீட்டாரிடமே கேளுங்கள். 21 வயதுக்குக் கீழ் உள்ள மற்றவர் பிள்ளைக்கு மது கொடுக்கும் பெரியவருக்கு இங்கே ஓராண்டு வரை சிறையும் 4,000 டாலர் வரை அபராதமும் உண்டு. பிள்ளையோடு ஒரு ரகசிய வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள். அது மெசேஜில் வந்தால், எந்த நேரமானாலும் கேள்வி கேட்காமல் போய் அழைத்து வருவது என்று. கேள்வியை மறுநாள் மதியம் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரி, நவராத்திரியும் அதே வாரத்துல வருதே? புரட்டாசிச் சனிக்கிழமை வேற!

பல ஆண்டுகளில் மோதும். கொலுவுக்கு ஒன்பது நாள் இருக்கிறது, மேட்ச் வெள்ளி ஒன்றுதான். கொலு அழைப்பை ஞாயிறு மதியத்துக்கு வையுங்கள், ஹூஸ்டனிலும் டல்லஸிலும் இருப்பவர்கள்கூட அப்படித்தான் செய்கிறார்கள். மம் செய்ய வரும் சிநேகிதிகளையும் அழைத்தால் சுண்டல் மிஞ்சாது. வெற்றிலை பாக்கு, குங்குமம் கொடுக்கும்போது அது என்ன என்று ஒரு வரி சொல்லிவிட்டால் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார்கள்.

புரட்டாசிச் சனி விரதம் இருக்கும் பிள்ளைக்குச் சிக்கல் டான்ஸுக்கு முந்தைய கூட்டுச் சாப்பாட்டில்தான். ஸ்டேக் கடை என்று முடிவாகும் முன்பே மெக்சிகன் அல்லது இத்தாலியன் இடம் ஒன்றைப் பிள்ளை முன்மொழியட்டும். மெக்சிகன் கடையில் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இன்னும் எளிய வழி, அந்தச் சாப்பாட்டை உங்கள் வீட்டிலேயே போடுவது. தோசை என்றால் பன்னிரண்டு பேருக்கும் கல் காய்ந்துகொண்டே இருக்கும், கோட்டும் டையும் போட்ட பையன்கள் சட்னி சிந்தாமல் சாப்பிடத் துண்டுகள் தேவைப்படும்.

பையன் எதுக்கும் வரமாட்டேங்கிறான். யாருமே கூப்பிடலையோன்னு மனசு கிடந்து தவிக்குது.

இரண்டு வகை உண்டு. ஒருவனுக்கு உண்மையிலேயே பிடிக்காது. சனிக்கிழமை வீட்டில் வீடியோ கேம் ஆடினால் அவன் திருப்தியாக இருப்பான், அவனை விட்டுவிடுங்கள். இன்னொருவன் போக ஆசை இருந்தும் "எனக்கு வேண்டாம்" என்பான். அவனை டான்ஸுக்குத் தள்ளாதீர்கள், பலிக்காது. ஊர்வலத்துக்கு டிரெய்லர் அலங்கரிக்கும் வேலைக்கு அனுப்புங்கள். வைக்கோல் கட்டு தூக்க, ஆணி அடிக்க, பெயின்ட் பூச அங்கே எப்போதும் ஆள் போதாது, கையில் வேலை இருக்கும்போது பேச்சும் வரும். என் மகனுக்கு முதல் வருடம் கிடைத்த இரண்டு சிநேகிதர்கள் அப்படி வந்தவர்கள்தான்.

எங்களுக்கு இங்க யாரையுமே தெரியாது. நாங்க எங்க போய் ஒட்டிக்கறது?

பூஸ்டர் கிளப்பில். பேண்டுக்கு ஒன்று, ஃபுட்பாலுக்கு ஒன்று என்று பெற்றோர் சங்கங்கள் இருக்கும். ஹோம்கமிங் இரவு கன்செஷன் ஸ்டாண்டில்தான் கூட்டம் அதிகம், ஆள் குறைவு, ஏனென்றால் பழைய மாணவர்களான மற்ற பெற்றோருக்கு அன்று பார்வையாளர் வரிசையில் உட்கார ஆசை. உங்களுக்கு அந்த ஆசை இல்லை என்பதால் நீங்கள் அவர்களுக்குக் கிடைத்த வரம். பாப்கார்ன் இயந்திரத்தைக் கேட்டு வாங்குங்கள், இறைச்சி தொட வேண்டியதில்லை. முதல் பாதி முடிவதற்குள் பாதி ஊர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கும், அடுத்த திங்கட்கிழமை மளிகைக் கடையிலும் கூப்பிடும்.

பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் தன்னார்வலராகச் சேர இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், காவல்துறைப் பதிவுகளைச் சரிபார்த்தபின்தான் அனுமதி வரும். அதற்குச் சில நாள் பிடிக்கும். ஹோம்கமிங்குக்கு முந்தின நாள் நிரப்பிவிட்டு எனக்குப் போன் செய்யாதீர்கள், பள்ளி திறந்ததும் ஆகஸ்டிலேயே நிரப்பிவிடுங்கள்.